தாராளவாதி என்று ஒரு வசவு

அடுத்த அமெரிக்கத் தேர்தல் வருவதற்குள் ஒரு சொற்பட்டியல் வேண்டும் என்று, நம் வானொலிக்குப் புதிதாக வந்த நீங்கள் நால்வரும் சேர்ந்து எனக்கு எழுதியிருந்தீர்கள். லிபரல் என்பதற்கு எது சரியான தமிழ், கன்சர்வேட்டிவ் என்பதற்கு எது என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். பட்டியலை அனுப்பிவிட்டேன். அதைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். முதல் நாளிலேயே என்னிடம் அதைவிட நல்ல பட்டியல் ஒன்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் குப்புற விழுந்தேன்.

நீங்கள் இப்போது வேலை பார்க்கும் அலுவலகம் அப்போது கிடையாது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு புடவைக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இரண்டே அறைகள். ஒன்றில் ஒலிபரப்பு. மற்றொன்றில் நாங்கள் ஆறு பேர், ஒரு மேசை, கோப்பி போடும் சாமான்கள். இணைய வானொலி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நடத்தியவர் ரஹீம். என்னைவிட நான்கு வயது இளையவர், ஆகவே நான் அவருக்கு அக்கா. அதற்கு முன் பல வருடம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பத்திரங்களைத் தமிழாக்கம் செய்துவந்தவள் நான். பத்திரத்தில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான். மாற்றினால் வழக்கு வரும். அந்தப் பழக்கத்தோடுதான் செய்திக்கு வந்தேன்.

அது அமெரிக்கத் தேர்தல் காலம். ஏதோ ஒரு மாநிலத்தில் ஒரு வேட்பாளர், தன் எதிராளியை ‘இந்த மாநிலத்துக்கு ஒத்துவராத லிபரல்’ என்று விளம்பரங்களில் தாக்கிக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றிச் சொல்லும்போது ‘உறுதியான கன்சர்வேட்டிவ்’ என்று மார்தட்டிக்கொண்டார். நான் அகராதியைப் பார்த்து அழகாக எழுதினேன். எதிராளி ஒரு தாராளவாதி என்று அவர் சாடினார். தாம் உறுதியான பழமைவாதி என்று பெருமிதத்துடன் கூறினார். எட்டு மணிச் செய்தியில் வாசித்தார்கள். எனக்குப் பரம திருப்தி.

எட்டேகால் மணிக்கு போன் வந்தது.

“தங்கச்சி, நான் தேக்கா மார்க்கெட்டுல இருந்து பேசுறேன். மாடியில தையல் கடை வச்சிருக்கேன். பிலோமினா. இப்ப அமெரிக்கா நியூஸ் சொன்னீங்கல்ல?”

“ஆமா, சொல்லுங்க.”

“ஒருத்தரு தன் எதிராளியைப் பார்த்துத் தாராளமான ஆளுன்னு சொல்றாரு. தன்னையே பழமையான ஆளுன்னு சொல்லிக்கிறாரு. அப்புறம் எதுக்குலா போட்டி? விட்டுக்கொடுத்துட்டுப் போயிடலாம்ல?”

எனக்குக் கோபம்தான் வந்தது. அது அரசியல் கலைச்சொல், தாராளம் என்பதோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“சரி தங்கச்சி. நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும். ஆனா கடையில நாங்க மூணு பேரு இருக்கோம். மூணு பேருக்கும் அவரு நல்லவராத்தான் தெரியிறாரு, அந்தத் தாராளமானவரு.”

போனை வைத்த பிறகு, நடந்ததை ரஹீமிடம் புகார் போலச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கீழே புடவைக்கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் எனக்கும் உறைத்தது. அந்த மனிதர் ‘லிபரல்’ என்று சொன்னது வசவு. என் தமிழில் அது வாழ்த்தாகிவிட்டது. அவர் ‘கன்சர்வேட்டிவ்’ என்று தன் நெஞ்சில் குத்திக்கொண்டது பதக்கம். என் தமிழில் அவர் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தார். சொல் ஒவ்வொன்றும் சரி, செய்தி மட்டும் தலைகீழ்.

இதோடு விட்டிருந்தால் சின்னத் தவறு. நான் அதைத் திருத்தப் போனேன். அங்கேதான் பெரிய தவறு நடந்தது.

வசவு வசவாகவே கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். தாராளவாதியைத் தூக்கிவிட்டு ‘கட்டுப்பாடற்ற இடதுசாரி’ என்று போட்டேன். பழமைவாதியை ‘பாரம்பரியக் காவலர்’ ஆக்கினேன். அடுத்த வாரம் வேறொரு மாநிலத்தில் மற்றக் கட்சிக்காரர் எதிராளியைத் திட்டியபோது, நியாயம் பார்க்கிறேன் என்று அங்கே ‘பிற்போக்குவாதி’ என்று போட்டேன். பிலோமினா அக்கா போன் செய்யவில்லை. ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. ஒருவருக்கு மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவள் வாக்களிக்கும் கட்சியை நாங்கள் அசிங்கப்படுத்துகிறோம் என்று எழுதியிருந்தார். மற்றவருக்குத் தம்பி அங்கே இருக்கிறார். அவர் மற்றக் கட்சி. புகார் மட்டும் அதேதான். ரஹீம் இரண்டையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

“அக்கா, அவங்க திட்டினதை நாம சொல்லலாம். நாமளே திட்டக் கூடாது. இதுல யாரு குரல் கேக்குது, சொல்லுங்க?”

நான் எழுதிய செய்தியை மறுபடி படித்துப் பார்த்தேன். என் குரல்தான் கேட்டது. வேட்பாளர் எறிந்த கல்லை எடுத்து, நான் இன்னும் கொஞ்சம் கூர்தீட்டி எறிந்திருந்தேன். கட்டுப்பாடற்ற என்ற சொல் எவருடைய வாயிலிருந்தும் வரவில்லை. நான் சேர்த்தது.

“தேர்தல் முடிவு வர்ற காலையில நேரடி நிகழ்ச்சி செய்யலாம்னு இருந்தேன்,” என்றார் ரஹீம். “இப்படியே போனா வேண்டாம். பாட்டுப் போட்டுடலாம்.”

வக்கீல் அலுவலகத்து வேலையை நான் விட்டு வந்ததே இப்படி ஒரு காலைக்காகத்தான். அன்று மதியம் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு நேரே தேக்கா மாடிக்குப் போனேன். துணிக்கடைகளுக்கு நடுவே பிலோமினா அக்காவின் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை; எங்கள் வானொலிதான் அங்கே சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. அறுபது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா, சின்னச் சிலுவை. நான் யார் என்று சொன்னதும் ஸ்டூலில் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் கொடுத்தார்.

“கோவிச்சுக்கிட்டீங்கன்னு நினைச்சேன்,” என்றார்.

“கோவிச்சுக்கிட்டேன்க்கா. இப்ப உதவி கேக்க வந்திருக்கேன்.”

அன்றிலிருந்து தினமும் மதியம் என் அமெரிக்கச் செய்தியை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் மிஷினை நிறுத்தாமலே கேட்பார். புரியாத இடத்தில் மிஷின் நிற்கும். நின்றால் மூன்று கேள்விகள் வரும். “யாரு சொன்னது? யாரைச் சொன்னாரு? அந்த ஆளு அப்படி என்ன பண்ணிட்டாரு?” மூன்றாவது கேள்விக்குப் பாதி நாள் என்னிடம் பதில் இருக்காது. அலுவலகத்துக்கு ஓடி வந்து மூலச் செய்தியைத் தோண்டினால் அதிலும் இருக்காது. வரியைக் கூட்ட வேண்டும் என்றாரா, குறைக்க வேண்டும் என்றாரா, துப்பாக்கிக்கு உரிமம் கேட்டாரா, எதுவும் இராது. பெயர் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் ‘லிபரல் என்று அவர் எதிராளிக்கு முத்திரை குத்தினார்; காரணம் எதையும் குறிப்பிடவில்லை’ என்று எழுதத் தொடங்கினேன். ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் விட்டுவிட்டேன். சொன்னவர் யார் என்பதை முன்னால் வைத்தேன். புகார்கள் நின்றன. ரஹீம் நிகழ்ச்சிக்குச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: “முத்திரையை நாம குத்தக் கூடாது.”

அமெரிக்காவில் செவ்வாய் மாலை வாக்குப்பதிவு முடியும்போது இங்கே புதன் காலை. அந்தப் புதன்கிழமை எட்டு மணிக்குத் தொடங்கினோம். தீபாவளி விளக்குத் தோரணங்கள் இன்னும் ரோட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. ரஹீம் முப்பது பேருக்குப் போதுமான இட்லி வாங்கி வந்திருந்தார். பிலோமினா அக்கா கடையைப் பூட்டிவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒலிபரப்பில் பேசுவதற்கு இல்லை. எனக்குக் காதாக இருப்பதற்கு.

விருந்தினர் நித்யா. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வயது முப்பதைத் தொட்டிருக்கும். அங்கே இரண்டு தேர்தல்களில் ஒரு கட்சிக்குப் பிரசார உத்தி வகுக்கும் குழுவில் இருந்துவிட்டு, வேலையை விட்டுப் பள்ளி ஆசிரியை ஆனவர். மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் சாங்கி விமான நிலையத்தில் பன்னிரண்டு மணி நேரக் காத்திருப்பு. ரஹீமின் மருமகனுக்குக் கல்லூரித் தோழி. “தேர்தல் அன்னைக்கு டிவி முன்னாடி உக்காரக் கூடாதுன்னுதான் இந்த டிக்கெட் போட்டேன், ஆன்ட்டி,” என்றார் என்னிடம். “கடைசியில ரேடியோ முன்னாடி உக்காந்திருக்கேன்.” வரும்போதே ஒரு நிபந்தனை போட்டார்: எந்தக் கட்சிக்கு வேலை பார்த்தேன் என்று கேட்கக் கூடாது. எங்களுக்கும் அதுவே வசதி. அவர் ஆங்கிலத்தில் பேசுவார், நான் உடனுக்குடன் தமிழில் சொல்ல வேண்டும்.

முதல் இருபது நிமிடம் தேர் ஓடுவது போல ஓடியது. கட்சிக்குள்ளேயே போட்டியிடும்போது ‘என்னைவிட அசல் லிபரல் கிடையாது’, ‘என்னைவிட அசல் கன்சர்வேட்டிவ் கிடையாது’ என்று கத்தும் வேட்பாளர், பொதுத்தேர்தல் வந்ததும் அந்தச் சொல்லையே வாயில் எடுக்க மாட்டார் என்றார். இரண்டு கட்சியிலும் இதுதான் வழக்கமாம். தன் மேலுள்ள முத்திரையை மெல்ல உரித்துக்கொண்டே எதிராளி மேலுள்ளதை இறுக்கி ஒட்ட வேண்டும். உத்தி என்று பெரிய சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலையில் பாதி இதுதான் என்றார். நான் சொல்லச் சொல்ல பிலோமினா அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் நித்யா தன் இரண்டாவது தேர்தலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எதிராளி ஒரு சின்ன ஊர்க்காரர். அவரை வீழ்த்த என்ன செய்வது என்று யோசித்து, ‘எக்ஸ்ட்ரீமிஸ்ட்’ என்று முத்திரை குத்தினோம் என்றார்.

என் வாய் திறந்துவிட்டது. ‘தீ’ என்ற எழுத்து நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அகராதி சொல்லும் தமிழ் தீவிரவாதி. அதைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு என்ன நினைவுக்கு வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குண்டு, துப்பாக்கி, கைது. எங்கோ உயிரோடு இருக்கும் ஒரு மனிதரை, காலை எட்டரை மணிக்கு, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சிங்கப்பூர் முழுவதற்கும் குண்டு வைப்பவராக அறிவிக்க இருந்தேன். வாயை மூடிக்கொண்டேன். வேறு சொல் தேடினேன். வரவில்லை. வரம்பு மீறியவர் என்றால் பெண்கள் விவகாரம் போலத் தொனிக்கும். வெறியர் என்றால் அது என் சேர்க்கை, பழைய குற்றம். ஒரு விநாடி, இரண்டு, ஐந்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரஹீம் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார். ஒலிபரப்பில் ஐந்து விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று நீங்கள் சீக்கிரமே தெரிந்துகொள்வீர்கள்.

“என்னலா சொல்றாங்க?” என்றார் பிலோமினா அக்கா. “ஏன் நிறுத்திட்டீங்க?”

அது ஒலிபரப்பில் போய்விட்டது. திரும்பி அவரைப் பார்த்தேன். தேக்கா மாடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

“எதிராளிக்கு இவங்க ஒரு பேரு வச்சாங்களாம்க்கா,” என்றேன். “அதை நான் தமிழ்ல சொன்னா, அவரு செய்யாத குத்தத்தை எல்லாம் செஞ்ச மாதிரி ஆயிடும். அதனால சொல்லல. அவரு அப்படி என்னதான் செஞ்சாருன்னு இவங்களையே கேப்போம்.”

நித்யாவுக்குத் தமிழ் புரிந்தது. மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல், வீட்டில் பேசும் மதுரைத் தமிழிலேயே பதில் சொன்னார்.

“ஒண்ணும் செய்யல, ஆன்ட்டி. ஆத்துக்கு மேல ஒரு பாலம் வேணும்னு சொன்னாரு.”

“பாலமா?” என்றார் பிலோமினா அக்கா.

“ஆமா. பழைய பாலம் மூடிட்டாங்க. ஸ்கூல் பஸ் ரொம்பத் தூரம் சுத்திப் போகும். நாங்க சர்வே எடுத்துப் பார்த்தோம். எங்களுக்கு ஓட்டுப் போடறவங்களுக்கே அந்தப் பாலம் வேணுமா இருந்துச்சு. அதனால பாலத்தைப் பத்திப் பேசவே கூடாதுன்னு முடிவு பண்ணினோம். அந்தப் பேரை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னோம். டிவில, போன்ல, வீட்டு வாசல்ல.”

“எங்க கோயில்ல எனக்கும் அப்படித்தான் பேரு வச்சாங்க,” என்றார் பிலோமினா அக்கா. ரஹீம் கையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு, பேசட்டும் என்று சைகை காட்டினார். அக்கா அதைக் கவனிக்கவேயில்லை. “ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பூசையை ஏழு மணியில இருந்து எட்டு மணிக்கு மாத்துங்கன்னு கேட்டேன். வயசானவங்களுக்கு பஸ் கிடைக்கிறதில்ல, அதனால. அப்ப பாட்டுக்குழுவுல கிதார் வேணும்னு சின்னப் பசங்க ஒரு பக்கம் சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தரு எந்திரிச்சு, பிலோமினாவும் கிதார் கோஷ்டிதான்னு சொல்லிட்டாரு. அவ்வளவுதான்லா. நான் என்ன சொன்னாலும் அது கிதார் கோஷ்டி வேலை. ஒழுகுற கூரையைச் சரி பண்ணுங்கன்னு சொன்னாக்கூடக் கிதார் கோஷ்டி. எனக்கு அந்தக் கிதார்ல எத்தனை கம்பின்னுகூடத் தெரியாது.”

நித்யா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு வருடம் செய்த வேலையை இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் விளக்கியதில்லை என்றார் நித்யா. தொலைபேசி விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. குடியிருப்போர் குழுவில் பெயர் வாங்கியவர், கோயில் நிர்வாகத்தில் பெயர் வாங்கியவர், சொந்த மாமியார் வீட்டில் பெயர் வாங்கியவர் என்று ஒவ்வொருவராக வந்து தங்கள் முத்திரைகளைச் சொன்னார்கள். நடுநடுவே முடிவுகள் வந்தன, வாசித்தேன். அமெரிக்க அரசியலை நம் மக்கள் அவ்வளவு உரிமையோடு பேசி நான் கேட்டதில்லை.

ஒரு கேள்வி மட்டும் பிலோமினா அக்காவின் மனத்தில் நின்றுகொண்டிருந்தது. முடிக்கும் நேரத்தில் கேட்டார்.

“நீங்க அந்த எலெக்‌ஷன்ல ஜெயிச்சீங்களா மா?”

“ஜெயிச்சோம், ஆன்ட்டி.”

“அந்தப் பாலம்?”

நித்யா மேசையைப் பார்த்துச் சொன்னார். “இன்னும் கட்டல. அதுக்கப்புறம்தான் வேலையை விட்டேன்.”

பிலோமினா அக்கா கையை நீட்டி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “உள்ளதைச் சொன்னீங்களே, அதுவே பெருசு,” என்றார். அதோடு நிகழ்ச்சியை முடித்தோம்.

அன்று மதியத்துக்குள் புகார் எழுதிய இருவரிடமிருந்தும் மறுபடி மின்னஞ்சல் வந்தது. மகள் அமெரிக்காவில் உள்ளவர், மகளுக்குப் பிடிக்காத கட்சியின் தந்திரத்தை இவ்வளவு துணிச்சலாக அம்பலப்படுத்தியதற்கு நன்றி என்று எழுதியிருந்தார். தம்பி அங்கே உள்ளவரும் ஏறக்குறைய அதே சொற்களில் நன்றி எழுதியிருந்தார். நித்யா தங்களுக்கு எதிரான கட்சிக்கு வேலை பார்த்தவர் என்பதில் இருவருக்கும் துளிச் சந்தேகம் இல்லை. ரஹீம் இரண்டையும் சத்தமாக வாசித்துவிட்டு, மிச்சமிருந்த இட்லியைக் கீழே புடவைக்கடைக்கும் கொடுத்தனுப்பினார். அடுத்த வாரத்திலிருந்து பிலோமினா அக்காவுக்கு வாரம் ஒரு நாள் காலை நிகழ்ச்சி. அது எவ்வளவு காலம் ஓடியது என்பது உங்களுக்கே தெரியும். உங்களில் இருவர் அதைக் கேட்டு வளர்ந்ததாகச் சொன்னீர்கள்.

விமானத்துக்கு நேரம் இருந்ததால் நித்யாவை லிட்டில் இந்தியாவைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனேன். கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த ரவிக்கை தோளில் நிற்கவில்லை என்று வழியில் சொன்னார். பிறகென்ன, தேக்கா மாடிதான். பிலோமினா அக்கா அதே நல்ல சேலையில் மிஷினில் உட்கார்ந்திருந்தார். மற்றக் கடைக்காரர்கள் சுற்றி நின்றுகொண்டு, எந்தக் கட்சி, எந்தக் கட்சி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அக்கா எல்லாரையும் விரட்டிவிட்டு, நித்யாவைத் திரைக்குப் பின்னால் அளவெடுக்கக் கூட்டிப்போனார். உள்ளே இருவரும் கிசுகிசுப்பது கேட்டது. அப்புறம் சிரிப்பு.

நித்யா டாக்சி ஏறிய பிறகு, அடக்க முடியாமல் நானும் கேட்டுவிட்டேன்.

“எந்தக் கட்சின்னு உங்ககிட்டச் சொன்னாங்களாக்கா?”

“சொன்னாங்க.”

“எது?”

அவர் வாயில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டு, என்னை நன்றாகப் பார்த்துப் புன்னகைத்தார்.

“நீங்க நினைக்கிற கட்சி இல்ல, தங்கச்சி.”

நான் எந்தக் கட்சியை நினைத்திருந்தேன் என்று அவரிடம் மட்டுமல்ல, வீட்டில்கூட யாரிடமும் நான் சொன்னதே கிடையாது.